இரத்த வங்கி: அன்றாட நடைமுறைகளின் வரலாறு

இரத்த வங்கி என்பது, நலமுள்ள ஒருவர் கொடுக்கும் இரத்தத்தைப் பெற்று, வகை பார்த்து, நோய்த்தொற்று உள்ளதா எனச் சோதித்து, குளிரில் பாதுகாத்து, தேவைப்படும் நோயாளிக்குப் பொருத்தம் பார்த்து வழங்கும் மருத்துவமனைப் பிரிவாகும். இது குருதி வங்கி எனவும் அழைக்கப்படும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி இந்தியாவில் இதன் சட்டப் பெயர் ‘இரத்த மையம்’ என மாறியது. எனினும் மக்கள் பேச்சில் பழைய பெயரே நிலைத்திருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரத்த வங்கியின் வேலையில் பாதி எழுத்து வேலையாகத் தோன்றும். கொடையாளரிடம் நீண்ட கேள்விப் படிவம், பையில் ஓர் எண், குழாயில் அதே எண், பதிவேட்டில் மீண்டும் அதே எண், குளிர்ப்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பு, வழங்கும்போது கையொப்பம் என இவை தொடரும். அவசரத்தில் இருக்கும் நோயாளியின் உறவினருக்கு இவை வீண் தாமதமாகத் தெரிவதுண்டு. ஆனால் இந்த நடைமுறைகளில் பெரும்பாலானவை ஏதோ ஓர் உயிரிழப்பிலிருந்தோ தவற்றிலிருந்தோ பிறந்தவை. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற ஒரு வட்டத் தலைநகரை நினைவில் கொண்டு பார்த்தால் இந்த வரலாறு எளிதில் விளங்கும். அத்தகைய ஊரின் நோயாளிக்கு ஏற்றப்படும் இரத்தம் பெரும்பாலும் வேறோர் ஊரில் எடுக்கப்பட்டு, வேறோர் ஊரில் சோதிக்கப்பட்டு வருவதாகும்.

கோட்டைக் காலத்தில் இரத்த இழப்பு

செஞ்சிக் கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்டது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இதனை முற்றுகையிட்டது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு நடந்த போரில் தேசிங்கு ராஜா என மக்கள் நினைவில் வாழும் தேஜ் சிங் உயிரிழந்தார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். 2025 சூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பன்னிரண்டு மராத்தியப் படைத்தலங்களுள் தமிழ்நாட்டிலுள்ள ஒரே கோட்டை இதுவே.

நீண்ட முற்றுகையைத் தாங்குவதற்கான ஏற்பாடுகளை இக்கோட்டையில் இன்றும் காணலாம். தானியக் களஞ்சியம், குளங்கள், மலையுச்சியிலும் கிடைக்கும் நீர் ஆகியவை அவற்றுள் சில. நெல்லையும் நீரையும் ஆண்டுக்கணக்கில் சேமிக்கத் தெரிந்த அந்தக் காலத்தில், காயம்பட்டவர் இழக்கும் இரத்தத்தை ஈடுசெய்யும் வழி உலகில் எங்கும் இல்லை. வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் பெரும்பகுதி வெளியேறிவிட்டால், காயம் சிறியதாக இருந்தாலும் உயிர் பிழைப்பது அரிது. கோட்டைக்கு வெளியே, ஊர்களில் பிரசவத்தின்போது இறந்த பெண்களுக்கும் இதுவே நேர்ந்தது.

சிவாஜி செஞ்சிக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1667இல், பாரிசில் ழான் பாப்திஸ்த் டெனி என்னும் மருத்துவர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். தொடர்ந்து செய்த முயற்சிகளில் ஒருவர் இறந்ததால் வழக்கு எழுந்தது. பின்னர் பிரான்சில் இம்முறை தடை செய்யப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் இத்துறையில் முன்னேற்றமில்லை. 1818இல் இலண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் என்னும் மகப்பேறு மருத்துவர் மனிதரின் இரத்தத்தையே மனிதருக்கு ஏற்றினார். பிரசவத்துக்குப் பின் இரத்தம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காப்பாற்றுவதே அவருடைய நோக்கம். அவருடைய நோயாளிகளில் சிலர் பிழைத்தனர், சிலர் இறந்தனர். ஒருவருக்கு மருந்தான இரத்தம் மற்றொருவருக்கு ஏன் நஞ்சாகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வகை பார்த்தலும் பொருத்தம் பார்த்தலும்

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். தம் ஆய்வகத்தில் பணியாற்றியவர்களின் இரத்தத்தை ஒன்றோடொன்று கலந்து பார்த்து, சில கலவைகளில் மட்டும் சிவப்பணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்வதை அவர் கண்டார். 1901இல் வெளியிட்ட கட்டுரையில் மனித இரத்தத்தை மூன்று வகைகளாகப் பிரித்தார். அவை இன்று ஏ, பி, ஓ எனப்படுகின்றன. அடுத்த ஆண்டு அவருடன் தொடர்புடைய ஆய்வாளர்கள் ஏபி வகையைக் கண்டறிந்தனர். இதற்காக 1930இல் லாண்ட்ஸ்டைனருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த சூன் 14ஆம் நாள் உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1940இல் லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தனர். இக்காரணி உள்ளவர் பாசிட்டிவ், இல்லாதவர் நெகட்டிவ் எனப்படுவர். இந்தியாவில் நெகட்டிவ் வகையினர் சிறுபான்மையினரே. அதனால் சிறிய ஊர்களில் நெகட்டிவ் வகை இரத்தம் உடனே கிடைப்பது கடினம்.

இன்று இரத்த வங்கியில் வகை பார்ப்பது இரண்டு வழிகளில் நடைபெறுகிறது. முதலில் கொடையாளரின் சிவப்பணுக்களோடு வகை தெரிந்த எதிர்ப்பொருள் நீர்மங்களைச் சேர்த்துப் பார்ப்பர். பிறகு கொடையாளரின் இரத்தநீரோடு வகை தெரிந்த சிவப்பணுக்களைச் சேர்த்துப் பார்ப்பர். இரண்டின் முடிவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பை வழங்கப்படாது.

இந்த இரட்டைச் சோதனை வெறும் சடங்கு இல்லை என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. 1952இல் மும்பையில் ஒய். எம். பெண்டேயும் அவர் குழுவினரும் அரிய இரத்த வகை ஒன்றை அறிவித்தனர். அது ‘பாம்பே வகை’ எனப் பெயர் பெற்றது. சிவப்பணுக்களை மட்டும் சோதித்தால் இவ்வகையினர் ஓ வகையினராகவே தோன்றுவர். ஆனால் ஓ வகை இரத்தம் ஏற்றினால் அவர்களுக்கு உயிராபத்து நேரும். இரத்தநீரையும் சோதிக்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது.

வகை ஒன்றாக இருந்தாலும் அதுமட்டும் போதாது. நோயாளியின் மாதிரியையும் கொடையாளரின் மாதிரியையும் நேருக்கு நேர் சேர்த்துப் பார்க்கும் கிராஸ்மேட்ச் எனப்படும் பொருத்தப் பரிசோதனை தேவை. நியூயார்க்கில் ரூபென் ஓட்டன்பர்க் 1907இல் இதனைத் தொடங்கினார். 1945இல் கூம்ப்சும் அவர் தோழர்களும் உருவாக்கிய சோதனை, கண்ணுக்கு நேராகத் தெரியாத எதிர்ப்பொருள்களையும் காட்டிக்கொடுத்தது. “எங்கள் நோயாளிக்கும் பி பாசிட்டிவ், கொடுத்தவருக்கும் பி பாசிட்டிவ், பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அந்தக் காத்திருப்பு நேரத்தில் நடைபெறுவது இந்தச் சோதனைதான்.

பையின் சீட்டுக்கும் விதி உண்டு. இந்திய விதிகளின்படி ஓ வகைக்கு நீலம், ஏ வகைக்கு மஞ்சள், பி வகைக்கு இளஞ்சிவப்பு, ஏபி வகைக்கு வெள்ளை நிறச் சீட்டு ஒட்டப்படும். அவசர வேளையில் எழுத்தைத் தவறாகப் படித்தாலும் நிறம் எச்சரிக்கும்.

சேமிப்பின் வரலாறு

உடலை விட்டு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அதனால் தொடக்கக் காலத்தில் கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே படுக்க வேண்டியிருந்தது. 1914, 1915ஆம் ஆண்டுகளில் சோடியம் சிட்ரேட் கலந்தால் இரத்தம் உறையாது என்பதைப் பெல்ஜியம், அர்ஜெண்டினா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் தனித்தனியே காட்டினர். முதல் உலகப் போரின்போது 1917இல் ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்னும் படை மருத்துவர் இரத்தத்தைக் குப்பிகளில் எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காயம்பட்டவர்களுக்குப் பயன்படுத்தினார்.

1932இல் லெனின்கிராடு நகரில் மருத்துவமனை சார்ந்த இரத்தச் சேமிப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. 1937 மார்ச் 15ஆம் நாள் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பெர்னார்டு ஃபாண்டஸ் தொடங்கிய நிலையத்துக்கு ‘இரத்த வங்கி’ என்று பெயரிட்டார். பணம் போட்டு எடுப்பதுபோல இரத்தத்தையும் போட்டு எடுக்கலாம் என்பதே அப்பெயரின் பொருள். 1950இல் கார்ல் வால்டர் கண்ணாடிக் குப்பிக்கு மாற்றாக நெகிழிப் பையை உருவாக்கினார். உடையாத, காற்றுப் புகாத அந்தப் பையே, இரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணு, இரத்தநீர்மம், இரத்தத் தட்டணு எனப் பிரிப்பதற்கும் வழிவகுத்தது.

இன்று ஒவ்வொரு கூறுக்கும் தனி இடமும் தனிக் காலவரையும் உண்டு. முழு இரத்தமும் சிவப்பணுக்களும் 2 முதல் 6 பாகை செல்சியசு வெப்பநிலையில் வைக்கப்படும். வழக்கமான பாதுகாப்பு நீர்மம் கலந்த முழு இரத்தம் 35 நாள்களும், கூடுதல் ஊட்ட நீர்மம் சேர்த்த சிவப்பணுக்கள் 42 நாள்களும் பயன்படும். தட்டணுக்களைக் குளிரில் வைக்கக் கூடாது. 22 பாகை அளவில், இடைவிடாது அசைந்துகொண்டிருக்கும் தட்டில் அவை 5 நாள்கள் மட்டுமே இருக்கும். உறையவைத்த இரத்தநீர்மம் ஓராண்டு வரை நிற்கும்.

இதற்கான குளிர்ப்பெட்டி வீட்டுக் குளிர்ப்பெட்டியிலிருந்து வேறுபட்டது. வெப்பநிலையைத் தானே பதியும் கருவியும், அளவு மீறினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் அதில் உண்டு. அத்துடன் பணியாளரும் குறித்த இடைவெளிகளில் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டும். மின்சாரம் நின்ற ஓர் இரவில் யாரும் கவனிக்காமல் விட்டால் மறுநாள் காலை அங்குள்ள பைகள் அனைத்தும் ஐயத்துக்குரியவை ஆகிவிடும். ஒருமுறை வெளியே எடுத்த பை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் மீண்டும் இருப்பில் சேர்க்கக் கூடாது என்ற விதியும் இக்காரணத்தால் ஏற்பட்டதே. சூடேறிய இரத்தத்தில் கிருமிகள் பெருகக்கூடும், அதைக் கண்ணால் பார்த்து அறியவும் முடியாது.

விற்பனையிலிருந்து கொடைக்கு

இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொல்கத்தாவில் இரத்த வங்கி இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் பெருநகர மருத்துவமனைகளில் இரத்த வங்கிகள் பெருகின. ஆனால் தன்னார்வமாக இரத்தம் கொடுப்போர் குறைவாக இருந்தனர். அந்த இடத்தைப் பணத்துக்காக இரத்தம் விற்போர் நிரப்பினர். வறுமையில் இருந்தவர்கள் அடிக்கடி இரத்தம் விற்றனர். தம் நோயைச் சொன்னால் அன்றைய வருமானம் போய்விடும் என்பதால் கேள்விகளுக்கு உண்மை கூற அவர்களுக்கு வழியில்லை. கொடுத்தவரின் உடலும் மெலிந்தது, பெற்றவருக்கும் நோய் பரவியது.

1986ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு இந்நிலையின் ஆபத்தை வெளிப்படுத்தியது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவ மருத்துவர் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார். அவற்றுள் ஆறு மாதிரிகளில் எச்ஐவி தொற்று தெரிந்தது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் இவ்வாறு அறியப்பட்டது. 1989இல் கொடையாக வரும் இரத்தம் அனைத்தையும் எச்ஐவிக்குச் சோதிப்பது கட்டாயமாயிற்று.

1990இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை நாட்டின் இரத்த வங்கிகளிலுள்ள குறைகளை எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் ‘காமன் காஸ்’ என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 சனவரி 4ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில், உரிமம் இல்லாத இரத்த வங்கிகள் இயங்கக் கூடாது, இரத்தம் விற்கும் முறை இரண்டு ஆண்டுகளுக்குள் ஒழிக்கப்பட வேண்டும் என நீதிமன்றம் ஆணையிட்டது. தேசிய இரத்த ஏற்றக் கழகம் அந்த ஆண்டில் உருவானது. 1998 சனவரி 1 முதல் இந்தியாவில் பணத்துக்கு இரத்தம் வாங்குவதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. 2002இல் தேசிய இரத்தக் கொள்கை வெளியிடப்பட்டது.

கொடையாளரிடம் இன்று கேட்கப்படும் கேள்விகளின் பின்னணி இதுவே. கொடையாளர் 18 முதல் 65 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். 350 மில்லிலிட்டர் கொடுக்கக் குறைந்தது 45 கிலோ எடை தேவை. 450 மில்லிலிட்டர் கொடுக்க 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஈமோகுளோபின் 12.5 கிராம் அளவுக்குக் குறையக் கூடாது. ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அண்மையில் பச்சை குத்தியவர், மலேரியா வந்து தேறியவர், பாலூட்டும் தாய் ஆகியோர் சில காலம் காத்திருக்க வேண்டும். இவற்றுள் சில விதிகள் பெறுபவரைக் காக்கின்றன, சில கொடுப்பவரைக் காக்கின்றன.

கொடுக்கும் வேலை பத்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். பையைத் தாங்கும் கருவி மெல்ல அசைந்து இரத்தத்தைப் பாதுகாப்பு நீர்மத்தோடு கலக்கும். உரிய எடை வந்ததும் நிறுத்தும். பையின் குழாய் சிறுசிறு துண்டங்களாக ஒட்டப்பட்டுப் பையோடு விடப்படும். பையைத் திறக்காமலே பொருத்தம் பார்க்க இத்துண்டங்கள் பயன்படும். கொடையாளர் சிறிது நேரம் படுத்திருந்து, பழச்சாறு அருந்தி, தலைசுற்றல் இல்லை என்று உறுதியான பின்னரே அனுப்பப்படுவார்.

நோய்த்தொற்றுச் சோதனையும் அதன் எல்லையும்

ஒவ்வொரு பையின் இரத்தமும் எச்ஐவி, மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய் எனப்படும் சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்பட வேண்டும். முடிவு வரும்வரை பை தனி இடத்தில் வைக்கப்படும். எல்லாம் இல்லை என வந்த பிறகே வழங்குவதற்குரிய இருப்பில் சேர்க்கப்படும். சோதித்த பைகளும் சோதிக்காத பைகளும் ஒரே தட்டில் கலந்துவிடாமல் காப்பது இரத்த வங்கியின் மிக முக்கியமான ஒழுங்குகளுள் ஒன்று.

எந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தொற்று உடலில் நுழைந்த பின் சோதனையில் தெரியும்வரை ஓர் இடைவெளிக் காலம் இருக்கிறது. அக்காலத்தில் கொடுத்த இரத்தம் சோதனையில் தூயதாகவே தோன்றும். கருவிகள் முன்னேற முன்னேற இந்த இடைவெளி சுருங்கியுள்ளதே தவிர மறையவில்லை. அந்த இடைவெளியை அடைப்பது கொடையாளர் படிவத்தில் தரும் உண்மையான பதிலே. இரத்தம் பணத்துக்கு விற்கப்படக் கூடாது என்பதற்கு அறவியல் காரணத்தோடு இந்த மருத்துவக் காரணமும் உண்டு.

வட்டத் தலைநகரின் மருத்துவமனை

விழுப்புரம் மாவட்டம் 1993இல் உருவானது. அதற்கு முன் செஞ்சி தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மாவட்டத் தலைநகர் விழுப்புரம் செஞ்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திண்டிவனத்தையும் திருவண்ணாமலையையும் இணைக்கும் நெடுஞ்சாலை செஞ்சி வழியே செல்கிறது. சுற்றிலும் வேளாண் சிற்றூர்கள் உள்ளன.

இத்தகைய ஊரில் இரத்தம் தேவைப்படும் சூழ்நிலைகள் சாலை விபத்து, கடும் இரத்தசோகை, பிரசவ இரத்தப்போக்கு முதலியவையாகும். இவற்றுள் கடைசியானது நேரம் தராது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் செல்கிறது. குழந்தை பிறந்த பின் கருப்பை சுருங்காவிட்டால், 40 கிலோமீட்டர் தொலைவே உயிரைத் தீர்மானிப்பதாகிவிடும்.

ஆனால் எல்லா வட்ட மருத்துவமனைகளிலும் முழு இரத்த வங்கி நடத்துவது இயலாது. அதற்கு உரிமம், தனிக் கட்டடம், பயிற்சி பெற்ற மருத்துவர், ஆய்வக நுட்பர்கள், கருவிகள் எனப் பலவும் வேண்டும். இதற்கு மாற்றாக இந்திய அரசு ‘இரத்தச் சேமிப்பு மையம்’ என்னும் அமைப்பை அனுமதித்தது. ஆண்டுக்கு 2000 பைகளுக்கு மேல் பயன்படுத்தாத மருத்துவமனைகள் தனி உரிமம் இன்றி, மாநில அதிகாரியின் ஒப்புதலுடன் இம்மையத்தை நடத்தலாம். மையம் கொடையாளரிடமிருந்து இரத்தம் எடுக்காது. உரிமம் பெற்ற தாய் இரத்த வங்கியிலிருந்து சோதித்து முடித்த பைகளைப் பெற்று, குளிரில் வைத்து, நோயாளிக்குப் பொருத்தம் பார்த்து வழங்கும்.

பைகள் பயணம் செய்வதற்கும் முறை உண்டு. வெப்பம் புகாத பெட்டியில் குளிர்க்கட்டிகளோடு அவை அனுப்பப்படும். உறைந்த கட்டி பையை நேராகத் தொடக் கூடாது. தொட்டால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். வந்து சேர்ந்ததும் பையின் எண், வகை, காலாவதி நாள், நிறம், கசிவு ஆகியவை பார்த்துப் பதியப்படும்.

மருத்துவர் எழுதிய வேண்டுகைப் படிவத்தோடு நோயாளியின் இரத்த மாதிரி மையத்துக்கு வரும். மாதிரிக் குழாயில் பெயர் எழுதப்பட வேண்டிய இடம் நோயாளியின் படுக்கையருகே. பிறகு எழுதலாம் என்று வைத்தால் குழாய்கள் மாறிவிடக்கூடும். ஒரே கூடத்தில் ஒரே பெயருள்ள இருவர் இருப்பது தமிழ்நாட்டு மகப்பேறு வார்டுகளில் அரிதன்று. அதனால் பெயரோடு மருத்துவமனை எண்ணும் கட்டாயம். இரத்தம் ஏற்றும் முன் இருவர் சேர்ந்து பெயர், எண், வகை, பை எண் ஆகியவற்றை உரக்கப் படித்து ஒப்பிடுவர். முதல் 15 நிமிடங்கள் மெதுவாக ஏற்றி நோயாளியைக் கவனிப்பர். குளிர்நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்துவர். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பை நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்கப்பட வேண்டும். இரு தரப்பு மாதிரிகளும் ஏழு நாள்கள் பாதுகாக்கப்படும். பின்னர் சிக்கல் எழுந்தால் காரணம் தேட அவையே சான்று. 2012 திசம்பரில் தொடங்கிய இந்தியக் குருதிக் கண்காணிப்புத் திட்டம் இத்தகைய விளைவுகளைத் தொகுக்கிறது.

சாத்தூர், 2018

இந்த ஏற்பாட்டில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு 2018 திசம்பரில் கண்டது. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், இரத்தசோகையோடு வந்த நிறைமாதத்தை நெருங்கிய கருவுற்ற பெண் ஒருவருக்கு திசம்பர் 3ஆம் நாள் இரத்தம் ஏற்றப்பட்டது. சாத்தூரும் செஞ்சியைப் போல ஒரு வட்டத் தலைநகரே. அந்த இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்தது. நவம்பர் 30ஆம் நாள் ஓர் இளைஞர் அதனைக் கொடுத்திருந்தார்.

வெளிநாட்டு வேலைக்காக வேறோர் இடத்தில் பரிசோதனை செய்துகொண்ட அந்த இளைஞருக்குத் தம் உடலில் எச்ஐவி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் உடனே இரத்த வங்கிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் பை பயன்படுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. விசாரணையில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. 2016இல் அவர் ஒரு முகாமில் கொடுத்த இரத்தத்திலேயே தொற்று தெரியவந்திருந்தது. ஆனால் அவருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. தம்மைக் குற்றவாளியாக எண்ணிய அந்த இளைஞர் அந்த மாத இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2019 சனவரியில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அப்பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. பின்னர் செய்த பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை எனத் தெரிந்தது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இந்நிகழ்வை இடைவெளிக் காலத்தின் மேல் சுமத்த முடியாது. தொற்று 2016 முதலே இருந்தது. எனவே 2018இல் முறையாகச் செய்த சோதனையில் அது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே, 2016இல் கொடையாளரைத் தனியே அழைத்து, மனம் நோகாமல் எடுத்துச் சொல்லி, தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’ எனப்படும் ஆலோசனை மையத்துக்கு அனுப்பும் நடைமுறை நிறைவேறியிருந்தால், அவர் மருந்து பெற்று நலமாக வாழ்ந்திருக்கலாம்; இரத்தம் கொடுக்கவும் வந்திருக்க மாட்டார். ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ செல்லாததால் மூன்று உயிர்கள் ஆபத்துக்குள்ளாயின. தகவல் அறிந்ததும் முன்வந்து சொன்ன கொடையாளர் தம் கடமையைச் செய்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

நடைமுறைகளின் பொருள்

சாத்தூர் நிகழ்வில் இரண்டு வேலைகள் தவறின. ஒன்று சோதனை; மற்றொன்று, சோதனை முடிவைக் கொடையாளரிடம் கொண்டுசேர்த்தல். முதல் வேலையைப் பற்றி விதிகள் விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவது எளிதாக விடுபடக்கூடியது. கொடையாளர் முகவரி மாறியிருப்பார், தொலைபேசி எண் வேலை செய்யாது, சொல்வதற்கும் தயக்கமாக இருக்கும். கொடையாளர் படிவத்தில் முகவரியையும் எண்ணையும் சரியாக எழுதச் சொல்வதற்கும், முடிவைத் தெரிந்துகொள்ள ஒப்புதல் கேட்பதற்கும் காரணம் இதுவே. முகாமில் இரத்தம் கொடுக்கும் மாணவர்கள் அந்தக் கட்டங்களை அவசரமாக நிரப்பாமல் கவனமாக எழுதுவது, கொடையின் ஒரு பகுதியாகும்.

முற்றுகைக் காலச் செஞ்சியில் களஞ்சியத்தின் நெல் உள்ளேயே அளந்து வைக்கப்பட்டது. அதை உண்டவர்களும் கோட்டைக்குள்ளேயே இருந்தனர். இன்று அதே ஊரின் தாய் ஒருத்திக்கு ஏற்றப்படும் இரத்தத்தைக் கொடுத்தவரை அவர் அறியமாட்டார். சோதித்தவரை, பெட்டியில் அடுக்கியவரை, இரவில் வெப்பநிலையைக் குறித்தவரை அறியமாட்டார். அவர்கள் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தனர் என்பதற்குப் பையின் மேலுள்ள எண்ணும் பதிவேட்டிலுள்ள கையொப்பமும் மட்டுமே உறுதி. உரிய இடத்தில் உரிய சோதனையைச் செய்த பின்னரே அந்தக் கையொப்பம் இடப்பட வேண்டும். இந்தியாவில் ஆண்டுதோறும் அக்டோபர் 1ஆம் நாள் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கொடுப்பவர்களைப் போற்றும் அந்நாளில், அந்தக் கொடையைக் கெடாமல் நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் பணியாளர்களின் அன்றாட வேலையையும் மாணவர்கள் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.